பெருக்கல் குறி

பெண்கள் சிறை, சேலம்
9 ஜூன் 2024

என் தங்கம் மோனிஷாவுக்கு,

அம்மா இங்கே சௌகரியம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு திரியாதே. மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒரு கண்டிப்பு. மனுப் போட்டு என்னைப் பார்க்க நீ இங்கே வரக்கூடாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ அழுவதை நான் பார்க்க மாட்டேன். அழாமல் நின்றாயானால் அதைச் சுத்தமாகப் பார்க்க மாட்டேன். போனில் பேசலாம் என்றால், இங்கே நான் எழுதிக் கொடுத்திருப்பது மாமாவின் நம்பர். கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் "ஆவுது சாமி, எல்லாம் ஆவுது" என்று அவரே பேசித் தீர்த்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

ஒரு செய்தி. நான் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். இங்கே தொலைதூரப் படிப்புக்கு ஒரு மையம் நடக்கிறது. தையல் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது. நான் எடுத்தது 'நிறுவன நிதி: ஓர் அறிமுகம்'. ஆறு மாதம். பேர் எழுதிக்கொண்ட வார்டர், "ஏம்மா, நீ எந்தக் கேஸ்ல வந்தவ?" என்று கேட்டாள். பைனான்ஸ் கேஸ் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'சௌந்திரம் பைனான்ஸ்' என்று என் பேரையே போர்டில் போட்டு, ஊராரிடம் டெபாசிட் வாங்கினார்கள். அந்தக் கம்பெனிக்கு நான் பங்குதாரர். பணம் எங்கே போனது என்று போலீசு கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதாவது தெரிந்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

கோர்ட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். சொத்துப் பத்திரத்தோடு இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்கு வந்துவிடலாம். மாமாவுக்கு மேட்டுக்காடு இருக்கிறது, அவர் ஒருவர். இன்னொருவரை அவரே பிடித்துவிடுவார். "நான் வெளிய இருந்தாத்தான் உன்னைய எடுக்க முடியும்" என்று என்னைப் பிடித்த அன்றைக்கே சொன்னார். நீயும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்து. நச்சரிக்காதே, சாப்பிடும்போது மெல்லக் கேள்.

ஒரு தமிழ்-ஆங்கில அகராதி அனுப்பு. உன் பழையது போதும்.

உன் அம்மா,
சௌந்திரம்

*

திருச்செங்கோடு
25 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். காய்ச்சல் விட்டுவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முதுகுவலி எப்படி இருக்கிறது? தரையில்தான் படுக்கிறீர்களா?

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். பி.ஏ. ஆங்கிலம். மாமாதான் பணம் கட்டினார். "அம்மா இல்லாத கொறை தெரியாம உன்னையப் பாத்துக்கறது என் பொறுப்பு" என்று அட்மிஷன் கவுண்டரில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அப்பா செத்த பிறகு நமக்காக அந்த இடத்தில் வந்து நின்றது அவர்தானே.

ஜாமீன் விஷயம் கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி சாப்பிடும்போதுதான் கேட்டேன். பத்திரம் பேங்க்கில் இருக்கிறதாம், அடுத்த வாரம் எடுத்துவிடுவாராம். நீங்கள் படிக்கிறீர்கள் என்றதும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "பைனான்ஸ் நடத்துனவளுக்கே பைனான்ஸ் பாடமா!" என்றார். அத்தை சிரிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். முத்தாயம்மாள் தினமும் காலையில் வந்து நம் பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிறார். திட்டுவதில்லை. மாட்டை விற்று டெபாசிட் போட்டவர் இல்லையா? நான் பஸ்ஸுக்குப் போகும்போது என்னைப் பார்த்து, "உங்கம்மா எப்பக் கண்ணு வருவா?" என்று மட்டும் கேட்பார். நான் அடுத்த வாரம் என்பேன்.

அகராதி அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

அன்பு மகள்,
மோனிஷா

*

பெண்கள் சிறை, சேலம்
14 ஜூலை 2024

மோனிஷாக் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கல்லூரிக்குப் போவதை நினைத்து இரண்டு நாள் எனக்கு முதுகுவலியே தெரியவில்லை. தரையில்தான் படுக்கிறேன், பாய் இருக்கிறது. பக்கத்துப் பாய் கெங்கவல்லி ராமாயி. அவளுக்கு எழுதப் படிக்க வராது, குறட்டை நன்றாக வரும். சுகத்துக்குக் குறைச்சல் இல்லை.

பாடத்தில் நான் செய்த கூத்தைக் கேள். சனிக்கிழமைதோறும் கௌதமன் சார் என்று ஒரு பையன் வந்து பாடம் நடத்துகிறார். உனக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் பத்தாயிரம் ரூபாய் மூன்று வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குக் கொடுத்தார். என் விடையைப் பார்த்துவிட்டு, "இந்த வட்டிக்கு யாருங்கம்மா கடன் வாங்குவாங்க?" என்றார். நான் மாதத்துக்குப் பன்னிரண்டு என்று போட்டிருந்தேன். நம் பக்கம் வட்டி என்றால் மாதம்தானே? 'ரெண்டு ரூவா வட்டி' என்றால் நூறுக்கு மாதம் இரண்டு. புத்தகத்தில் வட்டி என்றால் வருஷத்துக்காம். பார்த்தால் ராசிபுரத்துக்காரி, குமாரபாளையத்துக்காரி எல்லாரும் என்னைப் போலவே போட்டு வைத்திருக்கிறார்கள். சாருக்குத் தலை சுற்றிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பாய்க்கு வந்து, நம் கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன வட்டியை வருஷத்துக்கு மாற்றிப் பார்த்தேன். இருபத்து நான்கு. வட்டியை எடுக்காமல் விட்டு வைத்தவர்களுக்கு வட்டிக்கும் வட்டி, பெருக்கல் மேல் பெருக்கல். இதைக் கொடுக்க வேண்டுமானால் கம்பெனி இதைவிட அதிகம் சம்பாதித்திருக்க வேண்டும். எங்கே சம்பாதித்தது? எனக்குத் தெரிந்து அங்கே ஒரு மேஜை, ஒரு பேன், ஒரு சாமி படம். முத்தாயம்மாள் வட்டி வாங்க வரும் நாளில் வேறு யாராவது டெபாசிட் போட வந்திருப்பார்கள். அந்தக் கையில் வாங்கி இந்தக் கையில் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான் தொழில்.

சாரிடம் இதைச் சொன்னேன். அவர் திரும்பிப் போர்டை அழித்தார்.

ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று மாமா நினைப்பார். ஜாமீன் கையெழுத்துக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது என்று சொல். முத்தாயம்மாளிடம் அடுத்த வாரம் என்று சொல்லாதே, கண்ணு. அம்மாவுக்குத் தெரியவில்லை என்று சொல்.

அம்மா,
சௌந்திரம்

*

திருச்செங்கோடு
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மலைக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் கடிதமே என் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. இனிமேல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதச் சொன்னார் மாமா. வீட்டுக்கு ஜெயில் முத்திரையோடு தபால் வந்தால் அக்கம்பக்கத்தில் பேச்சாகிறதாம். அவர் படித்துவிட்டு எனக்குக் கொண்டுவந்து தருவார்.

போன கடிதத்தை அப்படித்தான் மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "உங்கம்மா நல்லாப் படிக்கறா" என்றார்.

நீங்கள் நினைத்த மாதிரியே ஆடி முடியட்டும் என்றுதான் சொன்னார். இப்போது ஆவணியில் கிரகப்பிரவேசம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அத்தை பேரில் வீடு வாங்கியிருக்கிறார்கள். மாடியில் எனக்கென்று ஒரு அறையாம். ஜன்னலுக்கு நேரே கொன்றை மரம் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் இடம் பக்கம்தான் அம்மா. நீங்கள் வரச் சொன்னால் ஓடி வந்துவிடுவேன். கிரகப்பிரவேசம் முடிந்ததும் ஜாமீன் வேலைதான் என்று அத்தையை வைத்துக்கொண்டே மாமா சொன்னார்.

உங்கள் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து என்ன நடத்தினார்கள் என்று எழுதுங்கள். நானும் படித்த மாதிரி இருக்கும்.

அன்பு மகள்,
மோனிஷா

*

பெண்கள் சிறை, சேலம்
1 செப்டம்பர் 2024

மோனிஷாவுக்கு,

சுகம். இனிமேல் கடிதத்தை அண்ணனும் படிப்பார் என்றால் ஒரே தபாலில் இரண்டு பேருக்கு ஆயிற்று. அண்ணா, சுகமா? சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? புது வீடு நல்லபடியாக அமையட்டும். அண்ணியிடம் சொல்லுங்கள்.

மோனிஷா, நீ கேட்டதால் பாடத்தைச் சொல்கிறேன். இந்த மாதம் 'பங்கு'. பங்கு என்றால் நமக்குக் காட்டில் பங்கு, கிணற்றில் பங்கு, பங்காளி. கம்பெனியில் பங்கு என்றால் வேறு. கம்பெனியிடம் இருப்பதை எடுத்து முதலில் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் கொடுத்தது போக ஏதாவது மிஞ்சினால் அது பங்குதாரருக்கு. மிஞ்சாவிட்டால் ஒன்றுமில்லை. அதாவது பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியைப் பார்க்கிறவள்.

'லிமிடெட்' என்று பேருக்குப் பின்னால் போட்டிருக்கும் கம்பெனி என்றால் போட்ட பணம் போவதோடு சரி. நம்முடையது மாதிரி கூட்டு வியாபாரம் என்றால் அப்படி இல்லை. மிஞ்சாதது மட்டுமல்ல, குறைகிறதையும் பங்குதாரர்தான் கொடுக்க வேண்டும். வீடு, நகை, உடம்பு எல்லாம் அதற்குள் அடக்கம். 'பேருக்குப் பங்குதாரர்' என்று ஒன்று உண்டா சார் என்று கேட்டேன். நம் ஊரில் பாதிப் பெண்கள் அதுதானே? சட்டத்தில் அப்படி ஒருவர் கிடையாதாம்.

நான் எப்படிப் பங்குதாரர் ஆனேன் என்று உனக்குச் சொன்னதில்லை. வேடிக்கையான கதை. அன்றைக்கு உன் மாமா சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து

(தாள் 2)

மூன்று இடத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். "அந்தக் குறி மேல போடு சாமி, போதும். உன் பேரு ராசி" என்றார். முதல் பத்திரம், மேட்டுக்காட்டில் எனக்கு இருந்த பாதியை நான் விட்டுக்கொடுத்ததாக. இரண்டாவது, கம்பெனியில் நான் பங்கு எடுத்துக்கொண்டதாக. காட்டுப் பங்குக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்கு, அண்ணன் தங்கைக்குக் கொடுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீரை நான் செய்தபோது சேலையின் ஒரு தலைப்பு அவர் கையிலும் ஒரு தலைப்பு என் கையிலுமாக நின்றோம். அதை நினைத்துக்கொண்டேதான் போட்டேன். குறி எங்கே இருந்ததோ அங்கே போட்டேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. இன்னொரு பங்குதாரர் வெள்ளியங்கிரி ஐயா, படுத்த படுக்கையாக இருந்தவர். அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கம்பெனிப் பத்திரம் எதிலும் உன் மாமா பேர் இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்தப் பாடத்திலும் வராது.

கார்த்திகையில் உனக்குப் பதினெட்டு நிறைகிறது. அம்மா வந்து தலைக்கு எண்ணெய் வைத்து விடுவேன்.

அம்மா,
சௌந்திரம்

*

திருச்செங்கோடு
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்களுக்குச் சளி என்று மாமா சொன்னார். துளசி கிடைக்குமா அங்கே?

பந்தியில் சட்டியைப் பார்க்கிறவள் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். ஆனால் கடிதத்தில் இரண்டாம் தாள் இல்லை அம்மா. "பென்சிலை எடுத்து" என்பதோடு நின்றுவிட்டது. ஜெயிலில் படித்துப் பார்க்கிறவர்கள் எடுத்திருப்பார்கள் என்று மாமா சொன்னார். பென்சிலை எடுத்து என்ன செய்தார்? ஏதாவது விளையாட்டா? மாமாவிடம் கேட்டேன், ஞாபகமில்லை என்கிறார். அந்தக் கதையை எனக்கு எழுதுங்கள்.

கல்லூரி விட்டதும் மாமா என்னை ஆபீஸுக்கு வரச் சொல்கிறார். இது பழைய இடம் இல்லை, வேறு. லெட்டர் டைப் செய்து கொடுக்கிறேன். பஸ் செலவுக்கு மாமாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை, அது ஒன்று நிம்மதி. "அம்மா மாதிரியே சுறுசுறுப்பு" என்கிறார். புரட்டாசி என்பதால் ஜாமீன் வேலை தீபாவளி கழித்துத்தானாம்.

முத்தாயம்மாள் இப்போது வருவதில்லை. கண் ஆபரேஷனுக்கு என்று வைத்திருந்த பணமும் அதில்தான் இருந்ததாம். இப்போது நடமாடவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார்கள்.

அன்பு மகள்,
மோனிஷா

*

பெண்கள் சிறை, சேலம்
6 அக்டோபர் 2024

மோனிஷாவுக்கு,

சளி இல்லை. அம்மா நன்றாக இருக்கிறேன்.

ஆபீஸுக்குப் போக வேண்டாம். படிக்க நேரம் இருக்காது. மாமாவிடம் நானே சொன்னேன் என்று சொல். கோபமாகச் சொல்லாதே, அவரை எதிர்த்துப் பேசாதே. நீ அவர் வீட்டில் இருக்கிறாய்.

அண்ணா, அவள் படிக்கட்டும். உங்களை நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜாமீன் கையெழுத்துக்கு உங்களுக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது வாருங்கள். அவசரமில்லை.

பென்சில் கதை ஒன்றுமில்லை கண்ணு. நேரில் வரும்போது சொல்கிறேன்.

அம்மா,
சௌந்திரம்

*

பெண்கள் சிறை, சேலம்
3 நவம்பர் 2024

மோனிஷாவுக்கு,

சுகமா? தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தாயா? உன் கடிதம் வரவில்லை. போனில் கேட்டால் நீ குளிக்கப் போயிருக்கிறாய் என்கிறார், அடுத்த முறை கேட்டாலும் குளிக்கத்தான் போயிருக்கிறாய். எத்தனை தடவையடி குளிக்கிறாய்?

எனக்கு அடுத்த மாதம் பரீட்சை. கௌதமன் சார் நான் தேறிவிடுவேன் என்கிறார். தேறி என்ன செய்ய?

மனுப் போட்டு வந்து என்னைப் பார். முன்னே சொன்னதை மறந்துவிடு. நீ தனியாக வா.

அம்மா

*

24 நவம்பர் 2024

என் சாமி மோனிஷா,

இதைத் தபாலில் போடவில்லை. ராமாயிக்கு விடுதலை. திங்கள்கிழமை வெளியே போகிறாள். அடுத்த நாளே உன் கல்லூரி வாசலில் வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கெங்கவல்லியிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும் அவளுக்கு. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

உட்கார்ந்து படி. இரண்டு தடவை படி.

இரண்டாம் தாளை ஜெயிலில் யாரும் எடுக்கவில்லை. உன் மாமா எடுத்தார். பென்சில் கதை இதுதான்: அவர் பத்திரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார், நான் படிக்காமல் அதன் மேல் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில் என் காட்டுப் பங்கு போயிற்று. அடுத்ததில் அவர் ஊராரிடம் வாங்கிய அத்தனைக்கும் நான் கடன்காரி ஆனேன். பணம் வாங்கியது அவர், எண்ணியது அவர், ஃபேர்லேண்ட்ஸில் வீடாக்கியது அவர். போலீசு கேட்டபோது அண்ணனுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று நானே சொன்னேன். "நானும் உள்ள போயிட்டா மோனிஷாவை யாரு பாக்கறது?" என்று கேட்டார். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் ஜாமீனுக்கு வர மாட்டார். வந்தால் மேட்டுக்காட்டுப் பத்திரத்தைக் கோர்ட்டில் நீட்ட வேண்டும். அதில் பாதி யாருடையது, எப்போது கை மாறியது என்று கேட்பார்கள். கேட்டால் நிலத்தையும் எடுப்பார்கள், அவரையும் எடுப்பார்கள். நான் இங்கே கிடக்கும்வரை அவருக்கு நல்ல தூக்கம். இது எனக்கு ஆவணியிலேயே விளங்கிவிட்டது. உனக்கு எழுதவில்லை. நீ அவர் சோற்றைத் தின்கிறாய், தெரிந்தால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அவர் என் அண்ணன். நான் பால் சொம்பு தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடியவள்.

இப்போது கேள். உனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. உன் கையெழுத்து இனிமேல் செல்லும். அதற்காகத்தான் அவர் உன்னை ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார். அவர் எந்தத் தாளை நீட்டினாலும் போடாதே. பென்சில் குறி இருந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு. அம்மாவை வெளியே எடுக்க என்று சொல்வார். அதற்கும் போடாதே. நான் இங்கேயே கிடந்து செத்தாலும் சரி, போடாதே. நாளைக்கே கல்லூரி விடுதியில் இடம் கேள். என் தோடு அத்தையிடம் இருக்கிறது, பீஸ் கட்ட என்று சொல்லி வாங்கிக்கொள். அத்தை கொடுப்பாள்.

போட மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அது வரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது.

அம்மா

*

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
27 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமோ நலம். நீங்களும் இந்தக் கடிதம் வரும்போது துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பீர்கள். அம்மா, நீங்கள் வெளியே வருகிறீர்கள்! வெள்ளிக்கிழமை கோர்ட்டில் ஜாமீன். சடையன் என்று ஒருவர், சபரிநாதன் என்று ஒருவர், இரண்டு பேரும் பத்திரத்தோடு வருகிறார்கள். மாமாவுக்குத் தெரிந்தவர்கள். அவர் நினைத்திருந்தால் எப்போதோ கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று அத்தை ஒரு மாதிரி சொன்னாள். அத்தைக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதி எழுதி மாமாவிடம்தான் கொடுத்தேன். ஒன்றும் வந்து சேரவில்லையா? இதை நானே பெட்டியில் போடுகிறேன். உங்கள் கடிதங்களும் தீபாவளிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பரீட்சை மும்முரம் என்று மாமா சொன்னார்.

பிறந்த நாளுக்கு அத்தை எண்ணெய் வைத்து விட்டாள். அன்றைக்கு மாமா என்னை மாடிக்கு அழைத்துப் பேசினார். உங்களை எடுக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒரு பேர் சுத்தமாக இருக்க வேண்டுமாம். உங்கள் பேர் கெட்டுப் போயிற்று, அவர் பேரில் ஏதாவது வைத்தால் பழைய கேஸில் இழுப்பார்கள், என் பேரில் இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்றார். "நீ ஒரு கையெழுத்துப் போட்டீன்னா அடுத்த நாளே உங்கம்மாவுக்கு நான் ஆள் புடிச்சுடுவேன் கண்ணு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் என்னால் உங்களுக்கு ஒன்றுமே செய்ய முடியவில்லையே என்று இருந்தேன்.

நேற்றுக் கல்லூரிக்குப் போகவில்லை. ஜலகண்டாபுரம் போனோம். தெருவெல்லாம் தறிச் சத்தம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புது ஆபீஸ், போர்டு கூட மாட்டிவிட்டார்கள்: 'மோனிஷா பைனான்ஸ்'. என் பேரைப் பச்சையில் எழுதியிருக்கிறார்கள். நானும் அருணகிரி ஐயா என்று ஒருவரும் பங்குதாரர்கள். அவருக்கு நடக்க முடியாது, சேரோடு தூக்கி வந்தார்கள். நான் நிற்கும்போதே தறிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து வட்டி எவ்வளவு என்று விசாரித்தார். ரெண்டு ரூபாய் என்று மாமா சொன்னார். அது மாதத்துக்கு என்று நானே சொன்னேன், உங்கள் பாடம் ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள பேர்லதானுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நேற்று யாரோ ஒரு அம்மாள் கல்லூரி வாசலில் என் பேரைச் சொல்லித் தேடினாராம். மதியம் வரைக்கும் வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னதாகத் தோழி போனில் சொன்னாள். முத்தாயம்மாளாக இருக்குமோ? அவருக்குத்தான் கண் தெரியாதே. யாராக இருந்தால் என்ன, நீங்கள் வந்துவிடப் போகிறீர்கள்.

அப்புறம் அம்மா, உங்கள் பென்சில் கதை எனக்குத் தெரிந்துவிட்டது! மாமா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நான் எங்கெங்கே போட வேண்டும் என்று குட்டிக் குட்டியாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதானே அம்மா அந்தக் கதை? இதற்குப் போய் நேரில் சொல்கிறேன் என்று எழுதினீர்களே! ஒரு குறியைக்கூட விடாமல் எல்லாவற்றிலும் போட்டேன். மாமா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அச்சு அசல் உங்கம்மா கையெழுத்தேதான்" என்றார்.

அன்பு மகள்,
மோனிஷா